முடிச்சு உண்டா?

வளப்பூர் நாடு
5.9.2024

மாமா,

நலமா என்று கேட்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் போட்ட சத்தத்திலேயே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிந்துவிட்டது. எனக்கு மட்டுமல்ல, பஸ் ஸ்டாப்பில் நின்ற எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நம் ஊரில் சிக்னல் கிடைப்பது அந்த ஓர் இடத்தில்தான். ஸ்பீக்கரில் போடாமல் பேசினால் இந்தப் போனில் ஒன்றும் கேட்காது. இரண்டும் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் கத்தினீர்கள். நானும் கத்தினேன், இல்லை என்று சொல்லவில்லை. பக்கத்துக் காட்டுப் பெருமாயி அக்கா அன்று சாயங்காலமே வந்து, "ஏம்புள்ள சுகுணா, உம்பட புருசன் ஊட்டப் பூட்டிப்போட்டுக் கீழ வரச் சொல்றானாமா? நீ மாட்டேன்னயாமா?" என்று கேட்டார். நான் சொன்ன வார்த்தையை எனக்கே ஒப்பித்துக் காட்டினார். ஒரு சொல் விடவில்லை.

அதனால் இனி போனில் பேச்சு கிடையாது. கடிதம்தான். கண்டக்டர் சதீஷ்குமார் அண்ணன் காலை வண்டியில் இறங்கும்போது உங்கள் கம்பெனி வாசலில் கொடுத்துவிடுவார். பதிலையும் அவரிடமே கொடுங்கள். அவர் பிரித்துப் படிக்கிற ஆள் இல்லை. அவருக்கு டிக்கெட்டில் இருப்பதைப் படிக்கவே கண்ணாடி வேண்டும்.

சண்டையில் பேசியது போகட்டும். முடிவாகப் பேசியதை எழுத்தில் வைக்கிறேன், நாளைக்கு மாறக் கூடாது. மேட்டுக் காட்டில் நான் சோயா விதைக்கிறேன். இந்த ஒரு வெள்ளாமை. அது தேறினால் நீங்கள் அந்த வேலையை விட்டுவிட்டுத் தை மாதம் மேலே வர வேண்டும். தேறாவிட்டால் நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழே வருவேன். அதன்பிறகு மலை என்ற பேச்சையே எடுக்க மாட்டேன்.

அது எந்தக் காடு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மிளகுக் கொடியெல்லாம் ஒவ்வொன்றாக மஞ்சளாகி, வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக வீங்கிச் செத்த காடு. கொடிகளைப் பிடுங்கி எரித்த அன்று நீங்கள் புகைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து அழுதீர்கள். புகையால் கண் எரிகிறது என்றீர்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்கப்புறம் நம் ஊரில் யாரும் அந்த வார்த்தையைச் சும்மாகூடச் சொல்வதில்லை. பெருமாயி அக்கா சீலைத் தலைப்பில் சில்லறையை முடிந்து வைத்திருப்பதைக்கூட "கட்டி வெச்சிருக்கேன்" என்கிறார்.

நீங்கள் விதையோடு கொடுத்தனுப்பிய கறுப்புப் பொடிப் பொட்டலங்கள் வந்தன. அது என்ன? மருந்தா, உரமா? முகர்ந்து பார்த்தால் மழை பெய்த மண் வாசம் அடிக்கிறது.

சுகுணா

.

சேந்தமங்கலம்
10.9.2024

சுகுணா,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். நான் கத்தியது தப்புத்தான். அந்தக் காட்டில் நீ தனியாக நிற்பதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, அதைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் கத்திவிடுகிறேன். ஒப்பந்தம் எனக்குச் சம்மதம். மாற மாட்டேன்.

பொட்டலத்தை முதலில் வெயில் படாத இடத்தில் வை. அடுப்புப் பக்கம் வேண்டாம். அது மருந்தும் இல்லை, உரமும் இல்லை. உயிர். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. நாங்கள் அதை இங்கே பெரிய தொட்டியில் வளர்த்துக் கரித்தூளில் கலந்து பொட்டலம் கட்டுகிறோம். சூடு பட்டால் செத்துவிடும். சதீஷ்குமார் அண்ணன் அதை இன்ஜின் பெட்டி மேல் வைத்துக் கொண்டுவந்தாரா என்று கேட்டு எழுது. அந்த நினைப்பிலேயே எனக்கு இரண்டு நாள் வேலை ஓடவில்லை.

நாம் மூச்சு விடுகிற காற்றில் முக்கால் பங்குக்கு மேல் தழைச்சத்துதான், நைட்ரஜன் என்பார்கள். ஆனால் செடியால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. பரணில் நெல் மூட்டை, கையில் ஏணி இல்லை என்கிற கதை. இந்தப் பாக்டீரியா பயறு வகைச் செடியின் வேருக்குள் போய்க் குடியேறி, காற்றில் இருக்கிற தழைச்சத்தைச் செடிக்குப் பக்குவம் பண்ணிக் கொடுக்கும். செடி அதற்குப் பதிலாகச் சர்க்கரை கொடுக்கும். நம் மலையில் சோயா யாரும் போட்டதில்லை, அதனால் அதற்கு ஏற்ற பாக்டீரியா நம் மண்ணில் இருக்காது. நாம்தான் கொண்டுபோய் விட வேண்டும்.

ஆறின அரிசிக் கஞ்சியில் பொடியைக் குழைத்து விதையில் பிசிறு. நிழலில் உலர்த்து. அன்றைக்கே விதைத்துவிடு. யூரியா ஒரு பிடிகூடப் போடாதே. சும்மா சாப்பாடு கிடைத்தால் செடி இவர்களை உள்ளே சேர்க்காது.

முளைத்து ஒரு மாதம் போல ஆனதும் ஒரு செடியை மெதுவாக, வேர் அறாமல் தோண்டிப் பார். முடிச்சு இருக்கிறதா இல்லையா என்று மறக்காமல் எழுது. எல்லாம் அதில்தான் இருக்கிறது. மணி அடித்துவிட்டது, முதலாளி பார்க்கிறார்.

அர்த்தனாரி

.

வளப்பூர் நாடு
22.9.2024

மாமா,

விதைத்தாயிற்று. முளைத்தும் விட்டது.

கஞ்சி காய்ச்சி ஆறவைத்து உங்கள் பொடியைக் குழைத்தேன். பெருமாயி அக்கா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். விதையெல்லாம் கறுப்பாகி முறத்தில் கிடப்பதைப் பார்த்து, "எதுக்கு சாமி வெதைக்கு மை பூசற? கண்ணுபட்டுருமுன்னா?" என்றார். அதற்குள் உயிர் இருக்கிறது, கஞ்சி குடிக்கிறது என்றேன். "அப்ப உம்பட புருசனுக்கும் கொஞ்சம் ஊத்தி உடு, தெம்பா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இன்ஜின் பெட்டி மேல் வைக்கவில்லை. சதீஷ்குமார் அண்ணன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். உயிர் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் டிக்கெட் போட்டிருப்பேன் என்கிறார்.

உங்கள் கடிதத்தில் கடைசியாகக் கேட்டதைப் படித்ததும் காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அந்த வார்த்தையை நீங்களே எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. பார்க்கிறேன். பார்க்காமல் விடுவேனா? தினமும் காட்டுக்குப் போகும்போது அதை நினைத்துக்கொண்டுதான் போகிறேன்.

இங்கே மழை பிடிக்கிற மாதிரி இருக்கிறது. வெண்ணெய் மாதிரி மண். நீங்கள் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டாவது போகலாம். வருந்திக் கூப்பிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம், சும்மா சொன்னேன்.

சுகுணா

.

சேந்தமங்கலம்
14.10.2024

சுகுணா,

உன்னிடமிருந்து கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. தினமும் பஸ் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறேன். சதீஷ்குமார் அண்ணன் தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். உடம்பு சரியில்லையா? செடி வெளுத்துவிட்டதா? வெளுத்தால் பயப்படாதே, நடுவில் கொஞ்ச நாள் வெளுத்துத்தான் மறுபடி பச்சை கட்டும்.

நான் வராததற்குக் காரணம் லீவு இல்லாதது மட்டுமில்லை. அந்தக் காட்டுக்குள் கால் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கொடி எரிந்த வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது. உன்னிடம் இதைப் போனில் சொல்ல முடியாது.

இன்னொன்று. பொட்டலம் கட்டுகிற பகுதி முழுவதையும் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் முதலாளி. நிரந்தரமாக இருப்பேனா, மாட்டேனா என்று தீபாவளிக்குள் சொல்ல வேண்டும். கம்பெனிக்குப் பின்னால் ஒரு வீடும் காலியாகிறது. குழாய் வாசலிலேயே இருக்கிறது, நீ குடம் தூக்க வேண்டாம். வேறு யாரோ கேட்கிறார்களாம், அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு உன்னிடமிருந்து ஒரே ஒரு வார்த்தைதான் வேண்டும். முடிச்சு உண்டா, இல்லையா? முதலாளிக்கு நான் சொல்லப்போகிற பதில் அதில்தான் இருக்கிறது. சீக்கிரம் எழுது.

அர்த்தனாரி

.

வளப்பூர் நாடு
19.10.2024

மாமா,

முடிச்சு ஒன்றுகூட இல்லை.

நன்றாகத் தோண்டிப் பார்த்தேன். ஒரு செடி அல்ல, நாலு பக்கமும் பார்த்தேன். வேர் வழவழவென்று கழுவி வைத்த மாதிரி சுத்தமாக இருக்கிறது. இலை கரும்பச்சை. பூவும் வைக்கத் தொடங்கிவிட்டது. நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

முதலாளிக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லிவிடுங்கள். குழாய் வாசலில் இருக்கிற வீட்டில் யாராவது குடம் தூக்க முடியாதவர்கள் வந்து இருக்கட்டும். எனக்கு இடுப்பு நன்றாகத்தான் இருக்கிறது.

மழை விடவில்லை. வேறு விசேஷம் இல்லை. கண்ட நினைப்பெல்லாம் நினைத்துக்கொண்டு வாசலில் நிற்காதீர்கள். சாப்பிடுங்கள்.

சுகுணா

.

சேந்தமங்கலம்
24.10.2024

சுகுணா,

உன் கடிதம் வந்தது. எத்தனை லேசாக எழுதிவிட்டாய்! ஒருவேளை நான் மனம் உடைந்துவிடுவேன் என்று லேசாக எழுதியிருக்கிறாய் போல. நான் அழவில்லை, நீயும் அழாதே.

முடிச்சு இல்லையென்றால் நான் அனுப்பிய பாக்டீரியா செத்துப் போயிருக்கிறது. வழியில் சூடு பட்டிருக்கும், அல்லது நான் எடுத்துக் கொடுத்ததே பழைய பொட்டலமாக இருந்திருக்கும். உன்மேல் ஒரு தப்பும் இல்லை. இப்போது இருக்கிற பச்சை மண்ணில் மிச்சம் இருந்த சத்து. காய் பிடிக்கிற நேரத்தில் செடி பட்டினி கிடந்து மஞ்சளாகும். அதை நீ தனியாகப் பார்க்க வேண்டாம். நாம் ஒரு தடவை பார்த்தது போதும்.

முதலாளியிடம் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கும் வார்த்தை கொடுத்துவிட்டேன். கார்த்திகையில் வா. ஒப்பந்தத்தில் ஜெயித்தேன் என்று நான் நினைக்கவே இல்லை, நம்பு. வீட்டுக்காரம்மா சாவியைக் கையில் கொடுத்தபோது ஏதோ கெட்ட செய்தி கேட்டவன் மாதிரி நின்றேன்.

அர்த்தனாரி

.

வளப்பூர் நாடு
27.10.2024

மாமா,

போன கடிதத்தில் நான் எழுதியது பொய்.

முடிச்சு இருக்கிறது. நீங்கள் சொன்னபடி ஒரு செடியை வேர் அறாமல் தோண்டினேன். வேர் முழுக்க உருண்டை உருண்டையாக முடிச்சு. அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். தூரத்தில் இன்னொன்றைத் தோண்டினேன், அதிலும் இருந்தது. காட்டின் கீழ்ப் படியில் தோண்டினேன், அதிலும். மொச்சையையும் அவரையையும் நாம் காய் பறிக்கிறோமே தவிர என்றைக்கும் பிடுங்கி வேரைப் பார்த்ததில்லை. பயறுச் செடிக்கும் இந்த நோய் வரும் என்று எனக்குத் தெரியாது. அந்த மண்ணிலேயே இருந்திருக்கிறது, நம்மை விடவில்லை.

மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. முடிச்சு உண்டா இல்லையா, முதலாளிக்குச் சொல்லும் பதில் அதில்தான் இருக்கிறது என்று. உண்டு என்று எழுதினால் நீங்கள் அங்கேயே தங்கிவிடுவீர்கள். அதையாவது தாங்கிக்கொள்வேன். அந்த வார்த்தையைப் படித்துவிட்டு நீங்கள் எங்கே போய் உட்கார்ந்து அழுவீர்கள், அங்கே புகைகூட இருக்காதே என்று நினைத்தேன். கை தானாக இல்லை என்று எழுதிவிட்டது.

அப்புறம் நாலு நாள் காட்டுக்கே போகவில்லை. போனபோது ஒரு முடிச்சை நகத்தால் நசுக்கிப் பார்த்தேன். உள்ளே ரத்தம் மாதிரி சிவப்பாக இருந்தது. மிளகு வேரில் நாம் இப்படிப் பார்த்ததே இல்லை. இது அதைவிடப் பெரிய நோய் மாமா. கையைச் சீயக்காய் போட்டுக் கழுவினேன். சாப்பிடும்போது அந்தச் சிவப்பு ஞாபகம் வந்து கையை உதறிவிட்டேன். செடி இன்னும் பச்சையாகத்தான் நிற்கிறது, முன்னைவிடச் செழிப்பாக. மிளகும் முதலில் அப்படித்தான் நின்றது.

நான் தோண்டி வேலியோரம் போட்ட செடியைப் பெருமாயி அக்கா பார்த்துவிட்டார். வேரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் வாசலுக்கே வந்தார். "எங்கிட்டயே மறைச்சுப்போட்டயே கண்ணு. மழத் தண்ணி உம்பட காட்டுல இருந்துதான எம்பட காட்டுக்கு எறங்குது? இருக்கற நாலு கொடியும் போச்சுன்னா நான் என்னத்தப் பண்ணுவேன்?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அழுதுகொண்டே கேட்டார்.

புதன்கிழமை எல்லாவற்றையும் பிடுங்கிவிடுகிறோம். அவரும் அவர் வீட்டு ஆட்களும் கை கொடுக்கிறார்கள். மழை விட்டதும் எரிக்க வேண்டும். நீங்கள் அந்த வீட்டுக்குச் சரி என்று சொல்லிவிடுங்கள். நான் வருகிறேன்.

வியாழன் ராத்திரி மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. பஸ் ஸ்டாப்பில் சிக்னலும் இல்லை, டவருக்குக் கரண்ட் இல்லையாம். நம் ஊர் நர்ஸ் ஆரோக்கியமேரி மேடம் மருந்து எடுக்க முள்ளுக்குறிச்சி வழியாக ஜீப்பில் கீழே போகிறார். அவரிடம் இதைக் கொடுக்கிறேன். எப்போது கிடைக்குமோ தெரியாது.

உங்களிடம் பொய் சொன்னது இதுதான் முதல் தடவை. திட்டுவதாக இருந்தால் நேரில் திட்டுங்கள்.

சுகுணா

.

சேந்தமங்கலம்
29.10.2024

சுகுணா, பிடுங்காதே.

இதை முதலில் படி, மற்றதை அப்புறம் படி. பிடுங்கத் தொடங்கியிருந்தால் நிறுத்து. பெருமாயி அக்காவையும் நிறுத்தச் சொல், என்மேல் ஆணையிட்டுச் சொல்.

நான் கேட்ட முடிச்சு வேறு. உன் முடிச்சு வேறு. பாக்டீரியா வேருக்குள் போய்க் குடியேறும் என்று எழுதினேன் அல்லவா, அந்த வீடுதான் முடிச்சு. செடியே கட்டிக் கொடுக்கிற வீடு. அது இருந்தால்தான் வெள்ளாமை. இங்கே தினமும் நூறு தடவை அந்த வார்த்தையைச் சொல்கிறோம், நல்ல செய்தியாக. முடிச்சு பிடித்திருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு, முடிச்சு என்றால் நம் ஊரில் எழவு வீடு என்பதே எனக்கு மறந்துவிட்டது. நீ காகிதத்தை மடித்து வைத்தேன் என்று எழுதியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மலையில் பிறந்த நான் மறந்தேன் பார்.

நீ இல்லை என்று எழுதியதும் எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். முதலாளியிடம் இருக்கிறேன் என்றேன், வீட்டுச் சாவியும் வாங்கிவிட்டேன். அதை எழுதிய கடிதம் சதீஷ்குமார் அண்ணன் பையிலேயே மாட்டிக்கொண்டது. வந்தால் படிக்காதே.

ஆனால் சுகுணா, எனக்கு முழு நிச்சயம் இல்லை. அதைத்தான் சொல்ல வேண்டும். அது நம் பழைய மிளகுக் காடு. மிளகு வேரை வீங்கவைத்துக் கொன்ற, கண்ணுக்குத் தெரியாத அந்தப் புழு மண்ணில் இன்னும் இருக்கலாம். புழு வந்தாலும் சோயா வேர் வீங்கும். அதனால் இப்படிப் பார். முடிச்சை விரலால் மெதுவாகத் தள்ளு. வேரை விட்டுத் தனியாக உதிர்ந்து வந்தால் அது நம்முடையது. வேரே வீங்கி, பிய்த்தால் வேரோடு பிய்ந்து வந்தால் அது புழு. அப்புறம் உள்ளே பார். ரத்தம் மாதிரி சிவப்பு என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியைத்தான் காலையிலிருந்து திரும்பத் திரும்பப் படிக்கிறேன். புழு முடிச்சுக்குள் அந்தச் சிவப்பு இருக்காது. பிராணவாயு அதிகம் பட்டால் பாக்டீரியாவுக்கு வேலை ஓடாது. அதைப் பிடித்து அளவாகக் கொடுக்கிற பொருள்தான் அந்தச் சிவப்பு. நம் ரத்தச் சிவப்புக்குச் சொந்தக்காரன் என்று கம்பெனியில் சொல்வார்கள். சிவப்பு இருந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். நீ பார்த்துப் பயந்தது நோயை அல்ல.

ஆரோக்கியமேரி மேடம் உன் கடிதத்தை இன்று காலைதான் கொண்டுவந்து கொடுத்தார். படித்ததும் மலை அடிவாரத்துக் காரவள்ளி வரை ஓடினேன். மண் இன்னும் சரிகிறது என்று போலீஸ்காரர்கள் நடந்து போகக்கூட விடவில்லை. முள்ளுக்குறிச்சி ரோட்டில் மருந்து ஜீப்பை மட்டும்தான் விடுகிறார்கள், அதில் ஊசிமருந்துப் பெட்டிக்கே இடம் இல்லை. நாளைக் காலை மேடம் மேலே ஏறுகிறார். மதியத்துக்குள் உன் கையில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். நீங்கள் காலையிலேயே தொடங்கிவிடுவீர்கள்.

பிடுங்கியது இருந்தால் எரிக்காதே. மண்ணிலேயே போட்டு மூடு.

அர்த்தனாரி

.

வளப்பூர் நாடு
31.10.2024

மாமா,

இன்று தீபாவளி. நான் எண்ணெய்கூட வைக்கவில்லை, உட்கார்ந்து எழுதுகிறேன்.

கீழ்ப் படி போய்விட்டது. மேல் படி நிற்கிறது.

காலையில் மழை தூறிக்கொண்டே இருந்தது. ஈர மண், செடி சுலபமாக வந்தது. அதுதான் பொறுக்கவில்லை. கொஞ்சமாவது முரண்டு பிடித்து நின்றிருந்தால் நானும் கோபத்தோடு பிடுங்கியிருப்பேன். கீழ்ப் படி முடிந்து மேல் படியில் குனிந்தபோது ரோட்டில் ஜீப் ஹாரன் கேட்டது. விடாமல் அடித்தார்கள். ஆரோக்கியமேரி மேடம் வெள்ளைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றில் வழுக்கி வழுக்கி, "புடுங்காதீங்க, புடுங்காதீங்க" என்று கத்திக்கொண்டு வந்தார். உங்கள் கடிதத்தை நீட்டினார். நீங்கள் அவரிடம் அழுதீர்களாமே? புகை என்று அவரிடமும் சொன்னீர்களா?

முதல் வரியைப் படித்ததும் எல்லோரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, மீதியை அங்கேயே நின்று படித்தேன். பிடுங்கிப் போட்டதில் ஒன்றை எடுத்து விரலால் தள்ளினேன். உதிர்ந்தது. இன்னொன்றைத் தள்ளினேன், அதுவும் உதிர்ந்தது. பெருமாயி அக்கா நம்பவில்லை. "எங்க புள்ள, நானு பாக்கறேன்" என்று வாங்கி நகத்தால் பிளந்தார். சிவப்பைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டு, "ஏனுங்க மேடம், இது ரத்தந்தானுங்களே?" என்றார். ஆரோக்கியமேரி மேடம் கிட்டே வாங்கிப் பார்த்துவிட்டு, "ரத்தமான்னு என்கிட்டயேவா கேக்கறீங்க? ரத்தம் இவ்வளவு வெளுப்பா இருந்தா இந்தச் செடிக்கு இரும்புச்சத்து மாத்திரை குடுத்திருப்பேனே" என்றார். சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. பிடுங்கிப் போட்ட செடியெல்லாம் பக்கத்திலேயே கிடக்கிறது, பூவோடு.

அப்புறம் பெருமாயி அக்காவே குனிந்து மேல் படியில் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். பழைய மிளகு நின்ற மரத்தடியில் கொஞ்சம் செடிகளுக்கு நிஜமாகவே கெட்ட முடிச்சு இருக்கிறது. தள்ளினால் உதிரவில்லை, வேரோடு பிய்ந்தது. அதை மட்டும் எடுத்துத் தனியாக வைத்தோம். அவர் பயம் வீண் பயம் இல்லை. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஒரு வார்த்தை உங்களுக்கு அங்கே இனித்துவிட்டது, எனக்கு இங்கே கசந்துகொண்டே இருந்தது. என்மேலும் கோபம் இருக்கிறது. உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால் கீழ்ப் படியும் நின்றிருக்கும். நல்ல செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு, கெட்ட செய்தி என்று நினைத்து மறைத்து, கெட்ட செய்தியை நல்ல செய்தியாக எழுதி அனுப்பியிருக்கிறேன்.

இப்போது நிற்பது பாதிக் காடு. ஒப்பந்தம் முழுக் காட்டுக்கு. அதனால் நீங்கள் வர வேண்டும் என்று என்னால் கட்டாயப்படுத்த முடியாது. முதலாளிக்கு வார்த்தை கொடுத்துவிட்டீர்கள், சாவியும் உங்கள் கையில் இருக்கிறது. நான் கீழே வர வேண்டுமென்றால் வருகிறேன், அறுப்பு முடிந்ததும். சண்டை போட மாட்டேன். ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு இந்தத் தடவை நிஜமான பதிலை எழுதிவிடுகிறேன்.

முடிச்சு இருக்கிறது.

சுகுணா

.

7.11.2024

சுகுணா,

ஆரோக்கியமேரி மேடம் போன வாரமே உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். பதில் எழுத உட்கார்ந்தேன், நாலு தடவை கிழித்தேன்.

முதலாளியிடம் போய் இருக்க முடியாது என்று சொன்னேன். அவருக்குக் கோபம், முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் பக்கம் நியாயம்தான். வேறு ஆள் கிடைக்கும் வரை இருக்கச் சொன்னார், ஒரு வாரம் இருந்தேன். சாவியை வீட்டுக்காரம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பயம் போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். நம்மில் ஒருவர் எழுதிய பொய்யே போதும். மரத்தடியில் அந்தப் புழு இருக்கிறது என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. மேல் படி காய் பிடிக்குமா, பெருமாயி அக்கா காட்டுக்கு ஏதாவது வந்தால் நான் எந்த முகத்தோடு நிற்பேன், தெரியவில்லை. அந்தக் காட்டுக்குள் முதல் காலை எப்படி எடுத்து வைக்கப்போகிறேன் என்றும் தெரியவில்லை. நீ பக்கத்தில் நின்றால் வைத்துவிடுவேன் என்று நினைக்கிறேன். பாதிக் காடு எனக்குப் போதும். ஒப்பந்தத்தைத் தூக்கி அடுப்பில் போடு.

நேற்றிலிருந்து பஸ் விட்டுவிட்டார்கள். இன்று காலை மலைக்குத் திரும்புகிற வண்டி கம்பெனி வாசலில் நின்றதும் சதீஷ்குமார் அண்ணன் வழக்கம்போலக் கடிதத்துக்காக ஜன்னல் வழியாகக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டேன். இந்தக் கடைசி வரிகளை வண்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். வளைவு தொடங்கிவிட்டது, எழுத்து கோணலாகப் போகிறது, மன்னித்துக்கொள். மீதியை நேரில் சொல்கிறேன். பஸ் ஸ்டாப்பில் அல்ல, வீட்டில்.

அர்த்தனாரி